ஸ்பானிஷின் ‘செ’ எனக்குப் பிடிபட்ட விதம்

ஸ்பானிஷ் பாடப்புத்தகங்கள் ‘செ’ ஒட்டிய வினைகளைத் ‘தன்னைத்தானே’ என்ற விளக்கத்தோடுதான் ஆரம்பிக்கும். ‘லாவார்’ என்றால் கழுவுவது, ‘லாவார்செ’ என்றால் தன்னைக் கழுவிக்கொள்வது. நான், நீ, அவர், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் மெ, தெ, செ, நோஸ், ஓஸ், செ என்று ஆளுக்கு ஏற்ப மாறும். ‘ஓஸ்’ ஸ்பெயின் வழக்கு. லத்தீன் அமெரிக்கர்களோடு மட்டும் பேசப்போகிறவர்கள் அதைத் தள்ளிவைக்கலாம். ‘மெ லாவோ லாஸ் மானோஸ்’ என்றாலே என் கைகளைத்தான் கழுவுகிறேன் என்று ஆகிவிடும். ‘என்’ தனியாக வேண்டாம். இதுவரை சிக்கல் இல்லை.

வம்பு ‘இர்செ’யில் ஆரம்பிக்கிறது. ‘வோய்’ என்றாலும் போகிறேன், ‘மெ வோய்’ என்றாலும் போகிறேன். தன்னைத்தானே போவது எப்படி? அந்த விளக்கத்தை அதோடு மூட்டை கட்டிவிட்டு, நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். இடப்பக்கம் ‘செ’ இல்லாத வினை, வலப்பக்கம் ‘செ’ ஒட்டியது, இரண்டுக்கும் ஒவ்வொரு வாக்கியம். ‘இர்’ போவது, ‘இர்செ’ கிளம்பிவிடுவது. ‘தோர்மிர்’ தூங்குவது, ‘தோர்மிர்செ’ தூங்கிப்போவது. ‘கோமெர்’ சாப்பிடுவது, ‘மெ கோமி தோதா லா பீட்சா’ என்றால் முழு பீட்சாவையும் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டேன். நோட்டு நிரம்ப நிரம்ப, நம்முடைய கொள், விடு, போ எல்லாம் வலப்பக்கத்தில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. எல்லா இடத்திலும் பொருந்தாதுதான். ‘கெஹார்செ’ (குறை சொல்வது) போன்றவை ‘செ’ இல்லாமல் வரவே வராது. அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

இந்த மெ, தெ, செயை எங்கே வைப்பது என்பதற்கு விதி தெளிவு. ‘மெ லெவாந்தோ’ (எழுந்திருக்கிறேன்) என்று காலம் காட்டும் வினைக்கு முன்னால் வரும். எழுந்திருக்க விரும்புகிறேன் என்பதற்கு ‘கியெரோ லெவாந்தார்மெ’, ‘மெ கியெரோ லெவாந்தார்’ இரண்டுமே சரி. கட்டளையில் மட்டும் கவனம்: எழுந்திரு என்றால் ‘லெவாந்ததெ’, எழுந்திருக்காதே என்றால் ‘நோ தெ லெவாந்தெஸ்’.

கடைசியாகத் தெளிந்தது ‘செ மெ காயோ எல் வாசோ’. கூடத் தங்கியிருந்தவர் கையிலிருந்து டம்ளர் நழுவி உடைந்ததும் சொன்ன வாக்கியம். ‘நான் போட்டேன்’ இல்லை, கை தவறி விழுந்துவிட்டது. இங்கே எழுவாய் டம்ளர். ‘மெ’ வெறும் ‘எனக்கு’. ‘செ மெ ஓல்விதோ’ என்பதும் அப்படியே ‘எனக்கு மறந்துபோச்சு’தான். மறந்தது சாவிக்கொத்தில் இருக்கும் பல சாவிகள் என்றால் வினையும் பன்மைக்கு மாறும்: ‘செ மெ ஓல்விதாரோன் லாஸ் யாவெஸ்’.