கடைக்காரரிடம் சொல்லுங்கள்

குளியலறைக் கதவு ஏழு வாரமாகச் சாத்த முடியவில்லை. முக்கிச் சாத்தினால் திறக்க முடியவில்லை. இரண்டில் எது மோசம் என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. நான் மூன்றாவது கட்சி. எதுவும் செய்யாமல் காத்திருக்க வேண்டும் என்ற கட்சி.

இதற்குப் பின்னால் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் விரியும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. இப்போது அவசரப்பட்டு இழைத்துவிட்டால், வெயில் வந்ததும் கதவு சுருங்கி, ஒரு கை நுழையும் அளவு இடைவெளி விழும். ஆகவே பொறுமை. இதைப் படம் வரைந்தே விளக்கினேன். அடிமரத்தை வெட்டினால் தெரியும் வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் சுமார் இரண்டு மடங்கு என்பது வரை போனேன். அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப மழை விடுற வரைக்கும் உள்ள இருக்கிறவங்க பாடிக்கிட்டே இருக்கணும், அதானே?" என்றார்.

அதேதான் நடந்தது. ஏழு வாரத்தில் மகளுக்குக் குரல் நன்றாகத் திறந்துகொண்டது.

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தச்சரை வரவழைத்துவிட்டாள். வீட்டில் பதினொரு உளி, மூன்று இழைப்புளி, எனக்கே பெயர் தெரியாத சில கருவிகள் எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து அளவு வாரியாக மாட்டி வைத்திருக்கும்போது வெளியாள் வந்து கதவைத் தொடுவது என்றால், அதை எந்த மானமுள்ளவனால் தாங்க முடியும்? மூலைமட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அருகில் நின்றேன். நானும் இந்தத் தொழிலில் கொஞ்சம் விஷயம் தெரிந்தவன் என்று அவருக்குப் புரியட்டுமே.

அவர் என்னையும் பார்க்கவில்லை, மூலைமட்டத்தையும் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக் கதவை மேலே தூக்கினார். கதவு தூக்கிக்கொண்டு வந்தது.

"மேல் கீல்ல திருகு பிடிமானம் இல்ல சார்" என்றார்.

ஒரு மரச்சில்லைச் சீவி, பசையில் தோய்த்து, பழைய துளைக்குள் தட்டி இறக்கினார். வெளியே நீட்டியதை உளியால் ஒரே வெட்டு. திருகை முடுக்கினார். ஐந்து நிமிடம். பசை காயும்வரை கொஞ்சம் பார்த்துத் திறங்கள் என்று சொல்லிவிட்டு ஒருமுறை சாத்திக் காட்டினார். 'க்ளிக்' என்றது.

மனைவி என் பக்கம் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "ஈரம்?"

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். சாமான்களைப் பைக்குள் போட அவர் உட்கார இடம் தேடினார். கைக்கு எட்டியது நானே செய்த முக்காலி.

தெரியாதவர்களுக்காக அல்ல, மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான்கு கால் என்றால் ஒன்று தரையில் படாமல் ஆடும். மூன்று கால் எந்த மேடுபள்ளத்திலும் மூன்றும் பதிந்து நிற்கும். இதை நம்பித்தான் முக்காலியில் தொடங்கினேன். ஆடவில்லை, உண்மைதான். சாய்ந்தது. மூன்று காலையும் ஒரே கட்டையில் வரிசையாக அளந்து குறித்தபோது, ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பம் தன் பங்காக 2, 3 மில்லிமீட்டர் தின்னும் என்பதை மறந்துவிட்டேன். குட்டையான காலுக்குச் சமமாக மற்ற இரண்டையும் வெட்டினேன். இப்போது வேறொன்று குட்டையாகிவிட்டது. 45 சென்டிமீட்டரில் தொடங்கிய முக்காலி 36-ல் வந்துதான் சமாதானம் ஆனது. அதில் உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு வரும்.

அவர் உட்காரவில்லை. தச்சர்கள் எதிலும் சட்டென்று உட்கார மாட்டார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தூக்கினார், கவிழ்த்தார், அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யார் செஞ்சது சார்?"

"கடையில வாங்கினது" என்றேன். எப்படி வந்தது அந்தப் பொய் என்று தெரியவில்லை. மூலைமட்டம் இன்னும் கையில் இருந்தது. மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் அடியில் இருந்த திருகுகளை விரலால் தொட்டு எண்ண ஆரம்பித்தார். 22. வியன்னாவில் தோனெட் நிறுவனம் 1859-ல் ஒரு நாற்காலி கொண்டுவந்தது. மொத்தமே 6 மரத்துண்டு, 10 திருகு, 2 நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி அடங்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் முதுகு சாய்மானம்கூட இல்லாத ஒரு முக்காலிக்கு 22 திருகு போட்டிருக்கிறேன்.

"கடைக்காரருக்கு பயம் போல" என்றார்.

"இருக்கலாம்."

"பலகை வெடிச்சிருக்கு பாருங்க. குறுக்குச் சட்டத்துக்குப் பசையும் போட்டு, திருகையும் இறுக்கிட்டாரு. மரம் அகலவாக்குல போய் வரணும் சார். இதுக்கு ஈரம் குடிக்கத் தெரியும்ல." 'ஈரம்' என்றதும் சமையலறையில் ஒரு பாத்திரம் கொஞ்சம் வேகமாக வைக்கப்பட்டது. "நடுவுல ஒரு திருகு இறுக்கமா. மத்ததுக்குச் சட்டத்துல துளையை நீளமா போடணும், பசை கூடாது. அது பாட்டுக்கு விரியும், சுருங்கும். கடைக்காரர்கிட்ட சொல்லுங்க."

"சொல்றேன்."

"காலை வெட்டி வெட்டிக் குறைச்சிருக்காரு. இத்தனை வெட்டு வேணாம். சமதளத்துல வெச்சு, காலுக்கடியில ஆப்பு கொடுத்து மேல்பலகையை மட்டம் பார்த்துக்கணும். அப்புறம் ஒரு சின்னக் கட்டை மேல பென்சிலைப் படுக்க வெச்சு மூணு காலையும் சுத்திக் கோடு போடணும். அந்தக் கோட்டுல ஒரே வெட்டு."

"அதையும் சொல்றேன்."

"இதுக்கு எத்தனை நாள் எடுத்துக்கிட்டாராம்?"

"நாலு மாசம்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

"நாலு மாசமா? கடை எப்படி ஓடுது?"

என்னிடம் பதில் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. முக்காலியை நிமிர்த்தி வைத்து, மேல்பலகையின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவினார். அந்த விளிம்புக்கு மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. 80-ஆம் எண் சொரசொரப்பில் ஆரம்பித்து 220-ஆம் எண் நைஸ் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். "இதை அவசரப்படாம செஞ்சிருக்காரு" என்றார். "எங்களுக்கு இதுக்கு நேரம் கிடைக்காது சார். என் வீட்டு அலமாரிக்குப் பன்னிரண்டு வருஷமா கதவு இல்ல. திரைதான்." பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நன்றாகச் சமாளித்தோம் என்று நினைத்துக்கொண்டு, அந்த வெடிப்பைப் பார்க்கலாமென முக்காலியைக் கவிழ்த்தேன். அடிப்பக்கத்தில், இரண்டு சட்டத்துக்கும் நடுவே, பென்சிலில், மகளின் குண்டு குண்டான கையெழுத்து:

"அப்பா செஞ்சது. பார்த்து உட்காரவும்."

எப்போது எழுதினாள் என்று கேட்டால் 'எப்பவோ' என்கிறாள். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. கடைக்காரர், கடைக்காரர் என்று அவர் சொன்ன ஒவ்வொரு இடமும் திரும்பத் திரும்ப ஓடியது. 'பயம் போல' என்றாரே!

இன்று காலை வாசலில் மறுபடியும் அவர். கீலைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். பார்த்தார், சரியாக இருந்தது. போகும்போது வெளியே சாய்த்து வைத்திருந்த ஒரு பலகையை உள்ளே தூக்கிக்கொண்டு வந்தார். தேக்கு. நல்ல வைரம் பாய்ந்தது. இரண்டு அங்குலக் கனம், என் உயரம்.

"ஒன்பது வருஷமா கிடக்கு. அங்குலத்துக்கு ஒரு வருஷம் காய்ஞ்சா போதும்னு சொல்வாங்க, இது அதுக்கு மேலயே காய்ஞ்சிருச்சு. எனக்குன்னு ஏதாவது செய்யணும்னு எடுத்து வெச்சேன். நடக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "கடைக்காரர்கிட்ட கொடுங்க. அவருக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை இருக்கு."

வாங்கிக்கொண்டேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "சொல்றேன்" என்றேன். படி இறங்கியவர் திரும்பிப் பார்த்து, "திருகு குறைச்சலா போடச் சொல்லுங்க" என்றார்.

பலகையை எங்கே வைப்பது என்பதுதான் இப்போது பிரச்சினை. இந்த நீளத்துக்கு வீட்டில் ஒரே சுவர்தான் இருக்கிறது. குளியலறைக் கதவு இப்போது பாதிதான் திறக்கிறது. மகள் பக்கவாட்டில் நுழைந்து உள்ளே போய்விட்டாள். பாட்டுச் சத்தம் கேட்கிறது.