வெள்ளத்தில் போன மாட்டுக்கு நிவாரணம் வாங்கிய கதை

2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குளங்கள் உடைந்து, தாமிரபரணியும் கரை புரண்டு, ஏரல் பக்கம் எங்கள் ஊருக்குள் தண்ணீர் ஏறியது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. மொட்டைமாடியில் கிடந்தோம். ஹெலிகாப்டரில் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டதையெல்லாம் டிவியில் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது தண்ணீர் வடிந்த பிறகு நடந்தது.

தொழுவத்தில் நின்ற இரண்டு கறவையையும் அப்பா அவிழ்த்துவிட்டிருந்தார். ஒன்று வாழைத்தோட்டத்து வேலியில் செத்து ஒதுங்கியது. மற்றது கிடைக்கவே இல்லை. ஊரெல்லாம் நாற்றம். நோய் பரவிவிடும் என்று ஜேசிபி வைத்துக் குழி தோண்டி, செத்ததை எல்லாம் மொத்தமாகப் புதைத்தார்கள். வேறு வழியும் இல்லை.

மாட்டுக்கு 37,500 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. வி.ஏ.ஓ. அறிக்கையும் கால்நடை மருத்துவர் சான்றும் கேட்டார்கள். மருத்துவர் வந்தபோது பார்க்க உடல் இல்லை. “போட்டோ இருக்கா அண்ணாச்சி?” என்றார்கள். சார்ஜ் செத்த போனில் யார் எடுப்பது?

வழி சொன்னது கால்நடை மருந்தகத்தில் இருந்த அக்காதான். கோமாரி தடுப்பூசி போடும்போது காதில் மஞ்சள் வில்லை மாட்டுவார்களே, அதிலுள்ள 12 இலக்க எண் உரிமையாளர் பெயரோடு அவர்கள் பதிவில் இருக்கும். அம்மா பெயரில் இரண்டு எண்ணும் இருந்தன. அடுத்தது பால் சங்க அட்டை. சேற்றில் ஊறி, மடிப்பு மடிப்பாக ஒட்டிக் கிடந்ததை அம்மா ஈரம் காயுமுன்னே ஊசி முனையால் பிரித்தெடுத்தாள். மை பரவியிருந்தாலும், காலையும் மாலையும் ஊற்றிய லிட்டர் கணக்கு டிசம்பர் வரை தெரிந்தது. சங்கத்துப் பேரேட்டோடு ஒத்தும் வந்தது. பக்கத்து வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். செத்த மாட்டைக் கண்ணால் பார்த்த தலையாரியும் சொன்னார். அதன் பிறகுதான் மனு நகர்ந்தது. பணம் அம்மா கணக்கில் ஏறியது. ஒரு மாட்டுக்குக் கொடுத்த தொகைக்கு நல்ல கறவை ஒன்றுகூட வாங்க முடியாது என்பது வேறு விஷயம்.

ஆற்றோரத்தில் மாடு வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறக்குமுன் வில்லையோடு மாட்டைப் போட்டோ எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள்.

எதிர்வீட்டு ஆச்சிக்கு ஆடுகள் போயின. ஆட்டுக்கு 4,000 என்று அறிவிப்பில் உண்டு. ஆனால் அவள் ஆடுகளுக்குக் காதுவில்லையும் கிடையாது, பால் சங்கக் கணக்கும் கிடையாது. அவள் கிடை வைத்திருந்தது ஊருக்கே தெரியும். திங்கட்கிழமை மனுநாளில் அவளுக்காக நாங்கள் கேட்டது ஒன்றுதான்: ஊரார் சாட்சியை ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த மனுவுக்குப் பதில் வரவில்லை.