பேஸ்மென்ட் வீடும் கார் ஸ்பீக்கரும்

டொராண்டோவுக்குப் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஸ்கார்பரோ பகுதியில் யாராவது ஒருவருடைய வீட்டின் பேஸ்மென்ட்தான் (தரைக்குக் கீழே உள்ள தளம்) முதல் முகவரியாக அமைகிறது. மேல்தளத்தில் வீட்டுக்காரர் நடமாடும் ஓசை நமக்குத் தெளிவாகக் கேட்கும் என்பதால், நம் பாட்டு அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற கவலையில் ஒலியைக் குறைத்தே வைத்துப் பழகிவிடுகிறோம். தவிலையும் நாதஸ்வரத்தையும் அவற்றுக்குரிய முழு வீச்சில் கேட்பதற்கு எங்கள் குடும்பத்துக்கு இருந்த ஒரே இடம், நாள்தோறும் 401 நெடுஞ்சாலையில் வேலைக்குச் சென்றுவந்த பழைய டொயோட்டா கார்தான். ஆகவே அதன் ஒலியமைப்பை மாற்றியதை நான் ஆடம்பரமாகக் கருதவில்லை. ஊரிலிருந்து வந்த ஒருவர் இங்கே என்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதை, என் அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாட் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். கடையில் உள்ள ஹெட் யூனிட்டின் (டேஷ்போர்டில் பொருத்தும் பாட்டுக் கருவி) அட்டைப் பெட்டியில் 50 வாட், நான்கு சேனல் (ஸ்பீக்கர்களுக்கான தனித்தனி வெளியீடு) என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அது ஒரு நொடிப்பொழுது எட்டக்கூடிய உச்ச அளவு மட்டுமே. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் அளவு பெரும்பாலும் சேனலுக்கு 15 முதல் 20 வாட் வரைதான் இருக்கும். தனி ஆம்ப்ளிஃபயர் வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள், ஸ்பீக்கர் எத்தனை வாட் தாங்கும் என்று பார்ப்பதை விட அதன் சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கும் வாட்டுக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவு, எத்தனை டெசிபல் என்று பார்ப்பதே பயன் தரும். ஒரே வாட்டைக் கொடுத்தால் 88 டெசிபல் ஸ்பீக்கரை விட 91 டெசிபல் ஸ்பீக்கர் 3 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். அந்த 3 டெசிபலை ஆம்ப்ளிஃபயரால் ஈடுகட்ட வேண்டுமானால் இரண்டு மடங்கு மின்திறன் தேவைப்படும்.

எண்களுக்கு அடுத்தபடியாக, என்னுடைய பார்வையில் எண்களை விட மேலாக, நம் காது இருக்கிறது. இங்குள்ள கடைகளில் ஸ்பீக்கர்களை ஒரு பலகையில் வரிசையாகப் பொருத்தி, அதிரும் பேஸ் (தாழ்ந்த ஒலி) நிறைந்த இசையை ஒலிக்கவிடுவார்கள். நாம் கேட்கப்போகும் இசை அதுவல்ல என்பதால், நன்றாகப் பழகிய சில ஒலிப்பதிவுகளை யுஎஸ்பியில் எடுத்துச் சென்று, அவற்றைப் போடும்படி தயங்காமல் கேட்க வேண்டும். மிருதங்கத்தில் வலப்புற வலந்தலையின் கணீரென்ற சொல்லும் இடப்புறத் தொப்பியின் ஆழ்ந்த கும்கி நாதமும் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியாகக் கேட்கின்றனவா என்று கவனித்தால், ஸ்பீக்கரின் நடுப்பகுதி ஒலி எத்தகையது என்பது தெரிந்துவிடும். நாதஸ்வரம், உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டருக்கான சோதனை. உலோகக் குமிழ் கொண்ட சில ட்வீட்டர்கள் முதலில் பளிச்சென்று கவர்ந்தாலும், மேல் ஸ்தாயியில் காதைக் குத்தத் தொடங்கும். ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பட்டுத்துணிக் குமிழே எனக்கு இதமாக இருந்தது. ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே ஒலி அளவில் வைக்கச் சொல்ல வேண்டும், ஏனெனில் சற்று உரக்க ஒலிப்பதே நல்லது என்று காது எளிதில் முடிவு செய்துவிடும்.

முன்கதவுகளுக்கு, ட்வீட்டரும், தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரும் தனித்தனியாக வரும் காம்பொனன்ட் வகையைத் தேர்ந்தெடுத்தேன். கதவின் அடியில் இருக்கும் ஸ்பீக்கரே முழுவதையும் பாடும்போது பாடகர் நம் கால் அருகே அமர்ந்திருப்பது போலத் தோன்றும். ட்வீட்டரை டேஷ்போர்டுக்கு மேலே கொண்டுவந்தால் குரல் கண்ணெதிரே எழுந்து நிற்கும். பின்கதவுகளில் செலவு செய்யவில்லை.

பலர் கடந்து போய்விடும் இடம் கதவுதான். காரின் கதவு பெரிய துளைகள் கொண்ட மெல்லிய தகடு என்பதால், ஸ்பீக்கரின் பின்புறத்திலிருந்து வரும் ஒலி அந்தத் துளைகள் வழியாக முன்புற ஒலியோடு கலந்து பேஸைக் கரைத்துவிடுகிறது. பியூட்டைல் ஒட்டுத்தாளால் தகட்டைக் கனமாக்கித் துளைகளை அடைத்த பிறகு, அதே ஸ்பீக்கரிலிருந்து வந்த தவிலொலி வேறு தரத்தில் இருந்தது. நெடுஞ்சாலையில் பனிக்கால டயர்களின் இரைச்சலும் குறைந்தது. இந்த வேலையை கோடையில் செய்வது நல்லது, குளிர்ந்த தகட்டில் பசை சரியாகப் பிடிக்காது. கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. இங்கே சாலையில் தூவும் உப்பு, உருகிய பனியோடு கதவுக்குள் தங்கினால் தகடு துருப்பிடித்துவிடும்.

ஆம்ப்ளிஃபயரைப் பொறுத்தவரை, சேனலுக்கு 50 வாட் ஆர்எம்எஸ் தரும் நான்கு சேனல் கிளாஸ் டி வகை எங்கள் காருக்குப் போதுமானதாக இருந்தது. குளிரில் பேட்டரியின் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். குளிரில் இன்ஜினை இயக்கத் தொடங்க பேட்டரி தரும் மின்னோட்டத்தை (CCA) மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அளப்பதும் இதனால்தான். குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒலி தரும் கிளாஸ் டி வகை இந்த ஊருக்கு ஏற்றது. வயரில் சிக்கனம் பார்க்க வேண்டாம்: செம்பு பூசிய அலுமினிய வயர் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதே தடிமனுள்ள முழுச் செம்பு வயர் தாங்கும் மின்னோட்டத்தை அது தாங்காது. பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

மிகத் தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபருக்காக டிக்கியை முழுவதும் விட்டுக்கொடுக்க முடியவில்லை, அரிசி மூட்டையும் குழந்தையின் தள்ளுவண்டியும் அங்கேதான் இருக்கின்றன. இருக்கைக்கு அடியில் அடங்கும் சிறிய மூடிய பெட்டி வகை மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் போதுமான ஆழம் தருகிறது. லீஸில் கார் எடுத்தவர்கள் அசல் வயர்களை வெட்டாமல், அந்தக் காருக்கென்று விற்கும் இணைப்பு ஹார்னஸை (வயர் இணைப்புத் தொகுப்பு) வாங்கிப் பொருத்தினால் திருப்பிக் கொடுக்கும்போது பழையபடி மாற்றிவிடலாம். விலைப்பட்டியலில் இல்லாத 13 சதவீத வரி ஒன்டாரியோவில் பில் போடும்போது சேரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொருத்தி முடித்ததும், முன்கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி போகாதபடி ஹை பாஸ் வடிகட்டியை வைத்தேன். பிறகு ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, ஹெட் யூனிட்டை முக்கால் ஒலியில் வைத்து, சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் மல்டிமீட்டர் 14 ஏசி வோல்ட் காட்டும் வரை, பெருக்கும் அளவை அமைக்கும் கெயின் திருகை ஏற்றினேன். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் என்பது ஏறக்குறைய அந்த அளவுதான் (14 × 14 ÷ 4 = 49).