பாரிஸா, ஹம்மா?

நான் படிக்க ஆகனில் வந்து இறங்கியது 2023 அக்டோபரில். ஜெர்மனியின் மேற்கு ஓரம். டவுன் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் நெதர்லாந்தின் ஃபால்ஸில் இறங்கிவிடலாம், பெல்ஜியம் கூப்பிடு தூரம். கோவில்பட்டி சித்தப்பாவுக்கு இது போதாதா? "பக்கத்துலதானடா பாரிஸு, ஈபிள் டவர் போட்டோ எங்க?" என்று வாரம் தவறாமல் வாட்ஸ்அப்பில் கேட்பார்.

பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் வகுப்பு இல்லை என்று கேள்விப்பட்டதும் எனக்கும் தலைகால் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, பரீட்சைகளை எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள்தான் தூவி வைத்திருக்கிறார்கள். பிப்ரவரி நடுவில் ஒன்று, மார்ச் கடைசியில் இன்னொன்று. லீவு என்று பேர், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவே படிப்பு போக எனக்குத் தேறியது ஒன்பது நாள்.

அடுத்தது காசு. விசாவுக்காக 2023-ல் பிளாக்டு அக்கவுண்டில் கட்டிய 11,208 யூரோ, மாதம் 934 என்று பிரிந்து வந்தது. வாடகை, இன்சூரன்ஸ், அரிசி போக மிச்சம் பார்த்தால் ஸ்விட்சர்லாந்து தானாகவே பட்டியலை விட்டு இறங்கிவிடும். லண்டனில் அத்தை மகன் இருக்கிறான், தங்கச் செலவில்லை. ஆனால் லண்டன் ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில் சேராது, தனி விசா எடுக்க வேண்டும். ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டு கையில் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை சுற்றலாம். கடைசியில் சித்தப்பாதான் ஜெயித்தார். நானும் அறைத்தோழனும் பாரிஸுக்கு ராத்திரி பஸ் ஏறினோம்.

அந்தக் கார்டு அங்கே இன்னொரு வகையிலும் உதவியது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குடியிருக்கும் 26 வயதுக்குக் கீழானவர்களுக்கு லூவர் மியூசியத்தில் டிக்கெட் இலவசம். பாஸ்போர்ட் எந்த நாடு என்பது கணக்கில்லை. உள்ளே போய் மோனலிசாவைப் பார்த்தேனா, தூக்கிப் பிடித்த முந்நூறு செல்போன்களைப் பார்த்தேனா என்று இன்றைக்கும் சந்தேகம்தான். மனசு நிறைந்தது தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பல் வட்டாரத்தில். கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து பொடிநடை. மளிகைக் கடைப் பலகையில் தமிழ் எழுத்து, வாசலில் முருங்கைக்காய் கட்டு, உள்ளே தகரத்தில் தாளம் போட்டுக் கொத்துரொட்டி. ஐந்து மாதம் கழித்து ஒரு டீயைத் தமிழில் கேட்டு வாங்கினேன்.

திரும்பும்போது எல்லையில் போலீஸ் பஸ்ஸுக்குள் ஏறியது. அறைத்தோழன் கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட்டை அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். செல்போனில் இருந்த பாஸ்போர்ட் படத்தைக் காட்டி, குளிரில் நாற்பது நிமிஷம் நின்றான். விட்டுவிட்டார்கள். ஆனால் எல்லை தாண்டும்போது இரண்டும் கையில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு அவனோடு சேர்ந்து நானும் படித்துக்கொண்டேன்.

ஏப்ரலில் மாணவர்களுக்கான பஸ், ரயில் பாஸான செமஸ்டர் டிக்கெட் மாறியது. அப்போது, 2024-ல், மாதம் 29.40 யூரோ கணக்கில் நாடு முழுக்கப் போக முடிந்தது, சாதா ரயில் மட்டும். வேக ரயில் ஐசிஇ-யில் ஏறக்கூடாது. அதற்குப் பிறகு ஊரைத் தேர்ந்தெடுக்கும் விதமே மாறிப்போனது. எது பேர்பெற்ற ஊர் என்பதை விட்டுவிட்டு, ஆர்இ 1 ரயில் எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். ஆகனில் கிளம்பி கொலோன், டியூசல்டார்ஃப், டோர்ட்மண்ட் எல்லாம் தொட்டு ஹம்மில் முடிகிற வண்டி அது. ஹம்மில் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. ஈழத்தமிழர்கள் கட்டி 2002-ல் குடமுழுக்கு செய்த கோயில். சுற்றிலும் தொழிற்பேட்டை.

ஜூனில் தேருக்குப் போனேன். லாரிகள் போகிற தார் ரோட்டில் செருப்பில்லாமல் வடம் பிடித்தோம். தூக்குக் காவடி போக, போக்குவரத்து போலீஸ்காரர் ஒதுங்கி வழிவிட்டார். சிதறுகாய் ஓடு காலில் குத்தியது.

அன்னதான வரிசையில் முன்னால் நின்ற அம்மா திரும்பி, "தம்பி இந்தியாவோ? இஞ்ச வந்து எங்க எல்லாம் போனனீங்கள்?" என்றார். கொஞ்சம் பெருமையாகவே பாரிஸ் என்றேன்.

"பாரிசோ? என்ர தங்கச்சி அங்கதான் இருக்கிறா. தேருக்கெண்டு நேற்றே இஞ்ச வந்திட்டா."