பினாங்கு ஜெலுத்தோங் கீழ்வீடு: அக்டோபர் குறிப்புகள்

அக்டோபர் 3, வெள்ளி

சாவி கைக்கு வந்துவிட்டது. கீழ்த்தளம், படி ஏற வேண்டாம், குளியலறையில் வழுக்காத தரை. எல்லாம் சரி. கதவைத் திறந்ததும் சிகரெட் நாற்றம் மூஞ்சியில் அடித்தது. முன்பு குடியிருந்தவர் ஜன்னலைச் சாத்தி, ஏர்கோன் போட்டுக்கொண்டே ஊதியிருக்கிறார். ஹாலில் காலண்டர் தொங்கிய இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று ஒரு நீள்சதுரம். சுற்றிலும் சுவர் தேத்தண்ணி நிறம். வீட்டுக்காரர், சீன அங்கிள், ரெண்டு நாள் ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும் என்று மலாயில் சொன்னார். அவர் மூக்கு எப்படியோ.

அக்டோபர் 4, சனி

ஆஸ்பத்திரியில் அம்மாவின் ரத்த ஆக்சிஜன் 89 சதவீதம். அவருக்கு 88க்கும் 92க்கும் நடுவில் நின்றால் போதும் என்கிறார் நர்ஸ். போதுமாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

அண்ணன் ஷா ஆலாமிலிருந்து போன். ஓசோன் மெஷினை வாடகைக்கு எடு, பழைய கார் விற்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் போடுகிறார்கள், ஒரு நாள் வேலை, பணம் நான் அனுப்புகிறேன். சொன்ன கையோடு அனுப்பியும் விட்டான். பணம் அனுப்பிவிட்டால் காரியமே முடிந்துவிட்டது என்பது அவன் கணக்கு.

தீபாவளி 20ஆம் தேதி. அதற்குள் அம்மா வந்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஷிஃப்ட் முடிந்து பாயான் லெப்பாஸிலிருந்து நேரே இங்கே. மெஷின் வந்தது. முழங்கை நீளப் பெட்டி, பின்னால் விசிறி, முன்னால் ஒரு டைமர் திருகு, மணிக்கு 10,000 மில்லிகிராம் என்று ஸ்டிக்கர். உள்ளே தகட்டில் உயர் மின்னழுத்தம் பாயும். காற்றிலுள்ள ஆக்சிஜன் உடைந்து மூன்று மூன்று அணுவாகச் சேரும், அதுதான் ஓசோன். ஓடும்போது ஆள், பூனை, செடி எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. சாமி படத்தையும் வெளியே எடுத்து வைத்தேன். கொண்டுவந்த பையன் சிரித்தான்.

எதிர்வீட்டு அக்கா எலுமிச்சை வாசனை லோஷனும் மோப்புமாக வந்து, "முதல்ல ஒரு துடை துடைச்சிடும்மா" என்றார். இப்போது வேண்டாம்கா என்றேன். அந்த எலுமிச்சை எண்ணெயும் ஓசோனும் சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவும் நுண்துகளும்தான் மிச்சம். அக்காவுக்கு முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

வெளியே காரிடாரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கதவிடுக்கில் கசிந்தது எனக்குத் தெரிந்த வாசனை. பள்ளி முடித்ததும் வேலை பார்த்த போட்டோஸ்டாட் கடை! அந்தப் பழைய மெஷின்களுக்குள்ளும் கம்பியில் உயர் மின்னழுத்தம். அதிலும் இதே ஓசோன். மத்தியானம் ஆனால் தலைவலிக்கும். முதலாளி மாத்திரை கொடுப்பாரே தவிர ஜன்னலைத் திறக்க மாட்டார்.

அக்டோபர் 8, புதன்

போய்விட்டது! ஜன்னல் எல்லாம் திறந்து, பேன் போட்டு, வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே போனேன். அலமாரிக்குள் தலையை விட்டு மோந்தேன், சுவரில் மூக்கை ஒட்டி மோந்தேன். ஒன்றும் இல்லை. அண்ணனுக்குக் கட்டைவிரல் அனுப்பினேன். கேசரி கிண்டி எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன், எலுமிச்சைக் கோபம் தீரட்டும் என்று.

அக்டோபர் 9, வியாழன்

91. வார்டு வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

அக்டோபர் 10, வெள்ளி

இரவு முழுக்க மழை. காலையில் கதவைத் திறந்தால் அதே சிகரெட், ஈரத்தோடு சேர்ந்து இன்னும் கனமாக.

ஓசோன் காற்றில் மிதப்பதைத் தாக்கும், மேலாகப் படிந்ததைத் தாக்கும். பெயின்டுக்குள்ளும் சிமெண்டுக்குள்ளும் வருஷக்கணக்காக ஊறிய நிகோடினும் தாரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. சூடும் ஈரமும் கிடைத்தால் மெல்ல வெளியே வரும். பினாங்கில் ஈரத்துக்கா பஞ்சம்? அந்த மெஷினே ஈரக் காற்றில் ஓசோன் குறைவாகத்தான் தரும். கூடவே கொஞ்சம் நைட்ரிக் அமிலமும்.

அண்ணனிடம் சொன்னேன். "இன்னொரு தடவை போடு. அம்மா வந்த பிறகு பிளக்கில மாட்டுற மாதிரி சின்னதா ஒண்ணு வாங்கி ரூம்ல வெச்சிடலாம்" என்கிறான். போனிலேயே கத்திவிட்டேன். அம்மா ரூமிலா?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. மனிதருக்குத் தீங்கில்லாத அளவுக்குள் ஓசோன் இருந்தால் வீட்டுக் காற்றிலுள்ள அசுத்தத்தை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. நாற்றம் போகிற அளவுக்கு ஏற்றினால் நெஞ்சு தாங்காது. அங்கே எட்டு மணி நேரம் வேலை செய்கிறவருக்குச் சட்டம் வைத்த வரம்பு காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்கு. அது நல்ல நுரையீரல் உள்ள தொழிலாளிக்கு. கலிபோர்னியாவில் வீட்டுக்கான காற்றுச் சுத்திகரிப்பான் 0.05க்கு மேல் விட்டால் விற்கவே முடியாது. ஆளில்லாத வீட்டில் ஒரு நாள் ஓட்டிவிட்டுக் காற்றோட்டம் விடுவது வேறு, அம்மா தலைமாட்டில் ராத்திரி முழுக்க ஓடவிடுவது வேறு. அம்மாவுக்கு மூக்குக் குழாயில் போகிற ஆக்சிஜன் இரண்டு அணு. இது மூன்று. அந்த மூன்றாவது அணு எதையாவது பிடித்துத் தின்னாமல் அடங்காது. சிகரெட் நாற்றமா நுரையீரலா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

எல்லாவற்றையும் அவனுக்கு எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை.

அக்டோபர் 11, சனி

இரவு ஷிஃப்ட். போனில் கேட்டேன், 90.

அக்டோபர் 12, ஞாயிறு

சுவர் கழுவினேன். சுடுதண்ணீரில் சலவைத்தூள், பழைய பனியன் துணி. மேலே தேய்த்தால் மஞ்சளாகக் கோடு கோடாக வழிகிறது. கீழிருந்து மேலே போகச் சொன்னார் எதிர்வீட்டு அக்கா, அப்படிச் செய்தால் கோடு விழவில்லை. பக்கெட் தண்ணீர் முதலில் மஞ்சள், அப்புறம் பழுப்பு. மெஷின் தொடாதது எல்லாம் பக்கெட்டில் இருக்கிறது.

ஹால் திரையைச் சுருட்டி ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். புதுசு. அதைக் கழற்றப் போனால் கையோடு அறுந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் குறுக்கே நுணுக்கமான வெடிப்புகள், வரிசையாக. மேசை மேல் தளர்வாகக் கிடந்த இன்னொன்று நன்றாகவே இருக்கிறது. இழுத்து வைத்த ரப்பரைத்தான் ஓசோன் அப்படி வெடிக்க வைக்கும். அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று அறுந்ததை எடுத்து வைத்திருக்கிறேன். கூலிம் தோட்டத்தில் மரம் சீவிய காலத்தில் பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலைக்கூட விடாமல் உரித்துக்கொண்டு வந்தவர். ரப்பர் வீணானால் இன்னமும் திட்டுவார்.

தோள் கழன்று விழுகிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

கழுவிவிட்டு நேரே வார்டுக்குப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து மோந்தார். "என்னடி சட்டையில சுருட்டு வாடை? உங்கப்பா வந்துட்டாரா?" அவரே சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை. நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னார்.

87.

அக்டோபர் 15, புதன்

87. 87. இரவு 88.

அக்டோபர் 16, வியாழன்

இரும்புச் சாமான் கடைக்காரர் சொன்னது: சாதாரணத் தண்ணீர் பெயின்ட் மேலே அடித்தால் மஞ்சள் மறுபடி ஊறி வரும், முதலில் கறையை அடைக்கிற பிரைமர் அடிக்க வேண்டும். சரி. ஆனால் அந்த பிரைமருக்கே தலை சுற்றுகிற வாடை. ஒரு நாற்றத்தை மூட இன்னொரு நாற்றம், அது ஆறுவதற்குள் அம்மா வந்துவிட்டால்? அம்மா அறையை இன்றே முடித்துவிட்டேன், ஹால் கிடக்கட்டும். திரைகளைத் தூக்கிப் போட்டேன். ஏர்கோன் கழுவ வந்தவர் உள்ளிருந்து எடுத்த கறுப்புப் பிசினைப் பார்த்தபோது, மெஷின் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த ஏர்கோன் மேல் திரும்பிவிட்டது. நாம் ஓட்ட ஓட்ட அதுதானே திரும்பத் திரும்ப ஊதியிருக்கும்.

அங்கிள் வந்து சுவரை மோந்துவிட்டு "ஓகே லா" என்றார். பிரைமர் காசில் பாதியை வாடகையில் கழித்துக்கொள்ளலாமாம். நல்ல மனுஷன்தான். மூக்குதான் இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

89, காலையிலும் மத்தியானமும். இப்படியே நின்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார் டாக்டர். ஆக்சிஜன் மெஷின் வாடகைக்குச் சொல்லியாயிற்று. அம்மா அறையில் இரண்டாவது கோட் இன்னும் கையில் ஒட்டுகிறது.

அண்ணன் ராத்திரி பஸ் ஏறுகிறான். கையில் ஏதோ பெட்டி. என்ன என்று கேட்டால் வந்து காட்டுறேன் என்கிறான். அதில் பிளக் மட்டும் இருக்கட்டும், வாசலோடு திருப்பி அனுப்புகிறேன்.