கடைசிக் குதிரை கரையேறும் வரை

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டுப் பேர், எட்டுக் குதிரைகள், பக்கத்தில் இருக்கும் காட்டுக்குள் இரண்டு மணி நேரம் போய் வந்தோம். மைதானத்தில் வட்டமடித்துப் பழகிய எனக்குக் காட்டுப் பாதையில் வரிசையாகப் போவது இதுதான் முதல் தடவை. உடம்பு வலி இன்னும் போகவில்லை, ஆனாலும் மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், முக்கியமாக அந்த ஓடையில் நடந்ததை.

கிளம்பிப் பத்து நிமிடத்தில் எல்லோரையும் நிறுத்தி, சேணத்தின் வயிற்றுப் பட்டையை மறுபடி பார்க்கச் சொன்னார்கள். பட்டையை இறுக்கும்போது பல குதிரைகள் உடம்பை விறைத்துக்கொள்ளும், கொஞ்சம் நடந்த பிறகு தளர்ந்துவிடும், சேணமும் முதுகில் அழுந்தி உட்கார்ந்துவிடும். என் குதிரையின் பட்டைக்குள் உள்ளங்கையே நுழைந்தது! லாயத்தில் இறுக்கியபோது இரண்டு விரல் போவதே கஷ்டமாக இருந்தது. அப்படியே போயிருந்தால் முதல் சரிவிலேயே சேணத்தோடு சேர்ந்து நானும் பக்கவாட்டில் சாய்ந்திருப்பேன்.

வெயிலில் இருந்து மரநிழலுக்குள் நுழையும் இடத்தில் என் குதிரை சட்டென்று நின்றுவிட்டது. அடம் பிடிக்கிறது என்று நினைத்துக் காலால் அழுத்தப் போனேன். "விடுங்க, அவன் கண்ணுக்கு இருட்டு பழகட்டும்" என்றார் வழிநடத்தி வந்த அக்கா. குதிரைக்கு இரவில் நம்மைவிட நன்றாகவே கண் தெரியும், ஆனால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மாற நம் கண்ணைவிட அதிக நேரம் பிடிக்கும். கடிவாள வாரைத் தளர்த்திவிட்டுக் காத்திருந்தேன். தலையைத் தாழ்த்தி, தரையை முகர்ந்து பார்த்து, தானாகவே ஓர் அடி எடுத்து வைத்தது.

உள்ளே போனதும் இடைவெளிதான் எல்லாம். முன்னால் போகும் குதிரைக்கும் நம் குதிரைக்கும் நடுவே குறைந்தது ஒரு குதிரை நீளம், அதாவது ஏறத்தாழ இரண்டரை மீட்டர் இருக்க வேண்டும். அளவுகோல் ரொம்ப எளிது: நம் குதிரையின் இரண்டு காதுகளுக்கு நடுவில் முன்குதிரையின் பின்னங்கால் குளம்பு தெரிந்தால் சரி. குதிரைக்குக் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்வை உண்டு, ஆனால் நேர் பின்னால் தெரியாது, அங்கே நெருங்கினால் உதை விழலாம். உதைக்கும் பழக்கம் உள்ள குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டுவார்கள், எங்கள் வரிசையில் ஒன்றுக்குக் கட்டியிருந்தது. கிளை விஷயத்திலும் கவனம் வேண்டும். கையால் ஒதுக்கிப் பிடித்துவிட்டு விட்டால் அது பின்னால் வருபவர் முகத்தில்தான் அடிக்கும், அதனால் "கிளை!" என்று குரல் கொடுத்துவிட்டுக் குனிந்து போய்விட வேண்டும். அந்தக் குரல் வாய் மாறி வாய் மாறி வரிசையின் கடைசி வரை போவதைக் கேட்க எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அப்புறம் ஓடை வந்தது. முழங்கால் ஆழம்கூட இல்லை. முதல் மூன்று பேர் கடந்து மேட்டில் ஏறிவிட்டார்கள், நான்காவதாக நானும் ஏறி, முன்னால் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்துவிட்டேன். சில நிமிடங்களில் என் குதிரையின் காது இரண்டும் அப்படியே பின்பக்கம் திரும்பின. கழுத்து விறைத்தது, கால் நகரவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தக் கனைப்பு கேட்டது, தொண்டை கிழிகிற மாதிரி.

கடைசியில் வந்த இளம் பெண்குதிரை. தண்ணீரில் கால் வைக்கலாமா என்று யோசித்து நின்ற நேரத்தில் மற்ற ஏழும் மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. அது ஒரு சுற்று சுற்றியிருக்கிறது, பிறகு ஓடையை நடந்து கடக்காமல் ஒரே தாவாகத் தாவியிருக்கிறது. மேலே இருந்தவருக்கு ஓர் அங்கவடியிலிருந்து, அதாவது சேணத்தில் தொங்கும் கால் வளையத்திலிருந்து, கால் நழுவிவிட்டது, பிடரி மயிரைக் கொத்தாகப் பிடித்துத் தொங்கியபடிதான் எங்களிடம் வந்து சேர்ந்தார். நல்லவேளை, குதிகாலை இறக்கி வைத்திருந்ததால் பாதம் அங்கவடிக்குள் மாட்டிக்கொள்ளவில்லை. குதிரையின் விலாவெல்லாம் வியர்வை, மூக்குத் துவாரம் விரிந்து உள்சிவப்பு தெரிந்தது, தோல் நடுங்கிக்கொண்டே இருந்தது. கூட்டமாக வாழ்ந்து தப்பிப் பிழைத்த மிருகம் அது. தன் கூட்டம் கண்ணிலிருந்து மறைந்தால் அதற்கு அது உயிர்ப் பிரச்சினை. நானூறு, ஐந்நூறு கிலோ உடம்பு அப்படிப் பயந்தால் மேலே இருப்பவர் என்னதான் செய்ய முடியும்?

முன்னால் போனவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் நானும்தான் திரும்பிப் பார்க்கவில்லை. கடந்தவர்கள் கரையிலேயே, கடக்கிறவருக்குத் தெரிகிற இடத்தில், கடைசிக் குதிரை ஏறும் வரை நின்றிருக்க வேண்டும். ட்ராட், அதாவது நடையைவிட வேகமான மித ஓட்டம், ஆரம்பிப்பதும் அப்படித்தான், பின்னால் எல்லோரும் தயார் என்று தெரியாமல் ஆரம்பிக்கக் கூடாது. வேகமாகப் போக ஆசைப்படுகிறவர்கள் அதற்கென்று தனியாக ஒரு நாள் வரலாம், குழுவாகப் போகும் நாளில் தடுமாறுகிறவரின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்.

திரும்பும்போது அந்தப் பெண்குதிரையை நடுவில் விட்டோம், அதே ஓடைதான் மறுபடி வந்தது. முதலில் கடந்தவர் யாரும் சொல்லாமலேயே குதிரையைத் திருப்பி, தண்ணீரைப் பார்த்து நிறுத்தினார். நானும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அது வந்தது, தண்ணீரில் முன்னங்கால் இரண்டையும் வைத்தது, எங்களைப் பார்த்தது. பிறகு ஓடையின் நடுவிலேயே நின்று தலையைக் குனிந்து நிதானமாகக் குடிக்க ஆரம்பித்தது, ஒவ்வொரு மிடறுக்கும் காது முன்னும் பின்னும் அசைந்தது. குடித்து முடிக்கும் வரை யாரும் நகரவில்லை.