பன்றிக்கோட்டைத் தாண்டாத கல்

சனிக்கிழமை காலை 10 மணிக்கு எங்க ஊர் கர்லிங் கொட்டகையில் முதல் கல் புறப்பட்டது. இன்னும் போய்ச் சேரவில்லை.

கர்லிங் என்றால் ஐஸ் மேல் கல்லைச் சறுக்கிவிடுகிற ஆட்டம். 45 மீட்டர் பனித்தடம். 20 கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சலான கிரானைட் கல். எதிர்ப்பக்கம் ஹாக் லைன் என்று ஒரு கோடு, அதை முழுசாகத் தாண்டாத கல்லை ஓரமாகத் தூக்கி வைத்துவிட வேண்டும். ஹாக் என்றால் பன்றி. முதல் எண்டில், அதாவது முதல் சுற்றில், தள்ளிய 16 கல்லில் 11 பன்றிக்குப் போயின. எங்கள் மாகாணமான கனடாவின் சஸ்காட்செவனுக்கு அதிகாரபூர்வ விளையாட்டே கர்லிங்தான், 2001லிருந்து. மாகாண கௌரவமே நடுவழியில் நின்ற மாதிரி ஆகிவிட்டது.

அதுவும் போட்டிக்கு வந்த வெளியூர்க்காரர்கள் முன்னால். இந்த ரயில் பாதையில் ஊர்ப்பெயர்கள் ஆங்கில அகரவரிசைப்படி வரும்: ஃபென்வுட், கூட்ஈவ், ஹப்பர்ட், இடுனா, ஜாஸ்மின், கெலிஹர். ரயில் கம்பெனி அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு தண்டவாளம் போட்டதோ என்னவோ. குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிப் போய்க் கொட்டிவிட்டு இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும், அதனால் 8, 10 மைலுக்கு ஒரு ஸ்டேஷன், ஒரு எலிவேட்டர். லிஃப்ட் இல்லை, தானியக் கிடங்கு. எலிவேட்டர் போனது, பள்ளிக்கூடம் போனது, கொட்டகை மட்டும் மிச்சம்.

சரி, குற்றவாளி யார்? காபி மேசைப் பெரியவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: மச்சினர்.

வழக்கமாக ஐஸ் போடுகிறவர் கண் ஆபரேஷனுக்கு ரெஜைனா போயிருந்தார். அவர்தான் கல்லறைத் தோட்டத்துப் புல்லையும் வெட்டுவார், தீயணைப்பு வண்டியையும் ஓட்டுவார். ஊரில் ஆளுக்கு மூன்று வேலை. ஐஸை மட்டும் தன் மச்சினரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். எங்களுக்குக் கம்ப்ரசர் கிடையாது. ராத்திரி கதவைத் திறந்து போட்டு, மைனஸ் 30 குளிரை உள்ளே விட்டு, மெல்லிசு மெல்லிசாகத் தண்ணீர் ஊற்றி உறையவிடுவதுதான் முறை. ஆத்திரப்பட்டு ஒரே தடவையில் ஊற்றினால் மேலே உறைந்து அடியில் தண்ணீர் நிற்கும், விரிசல் விடும்.

அதற்கப்புறம்தான் பெபிள். முதுகில் தண்ணீர் டப்பா, கையில் பூவாளி மாதிரி ஒரு தலை. பின்னோக்கி நடந்துகொண்டே மணிக்கட்டை இடவலமாக வீசித் துளித்துளியாகத் தெளிக்க வேண்டும். சுடுதண்ணீர்தான். பச்சைத் தண்ணீர்த் துளி ஐஸில் சரியாகப் பிடிக்காது, உடைந்து மணல் மாதிரி உதிரும். நடுவில் நின்று யோசித்தால் அந்த இடத்தில் மேடு. கடைசியில் துளிகளின் உச்சியை மட்டும் பிளேடால் சீவ வேண்டும். கல்லின் அடி குழிந்திருக்கும், ஒரு மெல்லிய வளையம்தான் இந்தத் துளிகள் மேல் ஓடும்.

மச்சினர் எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தார். கிணற்றுத் தண்ணீர் கெட்டிலில் சுண்ணாம்பு கட்டுகிற ரகம் என்பதால், சுத்திகரித்த கேன் தண்ணீர்கூட வாங்கி வந்திருந்தார். ரசீதையும் காட்டினார். ரசீது காட்டினால் நிரபராதி ஆகிவிட முடியுமா?

அப்போது ஒரு பொடியன் குனிந்து ஐஸ் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தான். விரலில் வெள்ளையாக ஒட்டியது, பழைய ஃப்ரீஸரைச் சுரண்டினால் வருமே, அது. உறைபனி! ஈரக்காற்று எங்கிருந்தோ உள்ளே வந்து ஐஸ் மேல் படிகிறது.

எல்லாத் தலையும் மெல்லச் சமையலறைப் பக்கம் திரும்பின. கதவு அகலத் திறந்து கிடந்தது. மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு விரிசல் கல்லையே அணை கொடுத்திருந்தார்கள். உள்ளே மூன்று அண்டாவில் 60 டஜன் பெரோகி கொதிக்கிறது. உருளைக்கிழங்கும் சீஸும் வைத்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவி புகைவண்டி மாதிரி நேரே தடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

இதை யார் போய்ச் சொல்வது? மச்சினர் மேல் பழி போட ஒன்பது பேர் இருந்தார்கள், இதற்கு ஒருத்தர் இல்லை. மேயரைத் தள்ளிவிட்டார்கள். மேயரின் மனைவிதான் இரண்டாவது அண்டா. போனவர் நொடியில் திரும்பி வந்தார்.

"ஜன்னல் கண்ணாடி ஆவியில மங்கிப்போச்சாம். பாட்டிக்கு ஆட்டம் கண்ணுல படலையாம். அதான் கதவைத் திறந்து வெச்சாங்களாம்."

முதல் அண்டாப் பாட்டியின் பேத்திக்குப் பன்னிரண்டு வயசு, அன்றுதான் முதல் போட்டி.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. அணைக்கல்லை உருட்டிக் கதவைச் சாத்தினார்கள். மச்சினர் தடத்தைச் சுரண்டி மறுபடி பெபிள் போட்டார். ஒருத்தர் கண்ணாடியில் பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு பூச்சு தடவி, பளபளக்கத் துடைத்துவிட்டார். சோப்பு இருந்தால் ஆவி முத்து முத்தாகப் பிடிக்காது.

பேத்தியின் கல் கிளம்பியது. ஊர்ந்தது. பன்றிக்கோட்டை ஒரு விரற்கடை தாண்டி நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜல்லிக்கரண்டி ஒன்று உயரே போனது.

முதல் அண்டா அடிப்பிடித்திருந்தது. மத்தியானம் எல்லாரும் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.